ஸ்டைபெண்ட் வந்து அஞ்சு மாசமாச்சு, கீபோர்டை எல்லாம் வித்துடவா?

கேள்வி (நீளமான லெட்டர், சுருக்கிப் போட்டிருக்கேன்): வணக்கம் அக்கா. எனக்கு 28 வயசு, ஊர் கோவில்பட்டி பக்கம். சென்னைல மெட்டீரியல் சயின்ஸ்ல பிஎச்டி பண்றேன், ஃபெலோஷிப் ஆரம்பிச்சு 3 வருஷம் 8 மாசம் ஆச்சு. எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ), மாசம் 42,000, ஹாஸ்டல்ல இருக்கறதால ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) கிடையாது. ஆனா அந்த 42,000 பேப்பர்ல தான், கடைசியா அக்கவுன்ட்ல காசு விழுந்து அஞ்சு மாசம் ஆகுது. வீட்டுக்கு மாசம் 12,000 அனுப்பணும், அங்க லேட்டாகுதுன்னு சொல்லவே இல்ல. சேமிப்பு காலி, கிரெடிட் கார்டுல 86,000 நிக்குது, மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வர்றேன். லேப்மேட் கிட்ட 35,000 கடன். எனக்கு ஹாபி ஜாஸ்தி: மெக்கானிக்கல் கீபோர்டு நாலு கட்டி வெச்சிருக்கேன், ஒரு த்ரீ-டி பிரிண்டர் இருக்கு, அதுக்கு இன்னும் ஆறு மாசம் 3,100 இஎம்ஐ போகணும், ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட டி அண்ட் டி (டைஸ் உருட்டிக் கதை சொல்லி விளையாடுற கேம்), ராத்திரில எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகுற குட்டி ரேடியோ ரிசீவர்) வெச்சு சாட்டிலைட் சிக்னல் புடிப்பேன். எல்லாத்தையும் வித்துட்டு சும்மா இருக்கணுமா? இல்ல பிஎச்டி-யையே விட்டுட்டு ஐடி-க்குப் போயிடவா? கூடப் படிச்சவன்லாம் லட்சத்துக்கு மேல வாங்குறான். லேப்ல ஒருத்தன் ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் ட்ரேடிங் கத்துக்கோன்னு சொல்றான். கார்டு ஸ்டேட்மென்ட்டும் அனுப்பிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க.

பதில்:

தம்பி, அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே பேசுறேன். மொதல்ல நேரா பதில் சொல்லிடுறேன், அப்பறம் காரணம். கீபோர்டுல ரெண்டை வித்துடு. பிரிண்டரை விக்காத. டி அண்ட் டி, சாட்டிலைட் ரெண்டையும் தொடவே தொடாத. பிஎச்டி-யை விடுறதா வேணாமாங்கற முடிவை அஞ்சு மாசம் சம்பளம் இல்லாம, தூக்கம் இல்லாம இருக்கற இந்த நேரத்துல எடுக்காத, காசு வந்து கார்டு சைபர் ஆனதுக்கு அப்பறமும் அதே எண்ணம் இருந்தா அப்ப தாராளமா விடு, அது காசு விஷயம் இல்ல, அதுல நான் தலையிட மாட்டேன். ஆப்ஷன் ட்ரேடிங் சொன்ன பையனோட டீ குடி, ட்ரேடிங் பேசாத. 2024 செப்டம்பர்ல, ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபி வெளியிட்ட ஆய்வுலயே, எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ணுன தனிநபர்கள்ல நூத்துக்கு 93 பேர் நஷ்டம்னு இருக்கு, அதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

இப்ப ஸ்டேட்மென்ட். வரி வரியா உக்காந்து பிரிச்சுப் பாத்தேன். நீ லெட்டர் எழுதுன விதத்தைப் பாத்தா 86,000-மும் கீகேப்பும் ஸ்விட்சும் வாங்கியே கரைச்ச மாதிரி ஒரு குத்த உணர்ச்சி தெரியுது. கணக்கு அப்படி சொல்லல. ஹாபிக்குப் போனது 31,000, அதுல 14,000 அந்த ஜெர்மனி கீகேப் செட்டு குரூப் பை (பல பேர் சேந்து முன்னாடியே காசு கட்டி ஆர்டர் பண்றது). கான்ஃபரன்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் 18,000, அது உன் காசே இல்ல, இன்ஸ்டிட்யூட் திருப்பித் தரவேண்டியது. மெஸ் பில், ட்ரெய்ன் டிக்கெட், போன், அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன் அப்ப வாங்குன மருந்து எல்லாம் சேத்து 28,000. மீதி 9,000 சுத்தமா வட்டியும் வட்டி மேல ஜிஎஸ்டியும். அதாவது ஹாபி பாதி கூட இல்ல. ஹாபியே இல்லாத பையனா இருந்திருந்தாலும் இந்த அஞ்சு மாசத்துல நீ கடன்ல தான் இருந்திருப்ப, கொஞ்சம் கம்மியா, அவ்ளோதான்.

பிரச்சினை எங்கன்னா, உனக்கு வர்ற காசு மொத்தமா, லேட்டா, எப்பன்னு தெரியாம வருது, போற காசு மட்டும் மாசம் பொறந்தா தேதி மாறாம போகுது. நீ கரிசக்காட்டு ஊர்க்காரன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, மானாவாரி வெள்ளாமை வீட்டுல பருத்தி வித்த காசு மொத்தமா வரும், அதை வெச்சு அடுத்த வெள்ளாமை வரைக்கும் ஓட்டணும், அந்தக் காசைப் பாத்து யாரும் இதுதான் இந்த மாச சம்பளம்னு நெனைக்க மாட்டாங்க. உன் ஃபெலோஷிப்பும் அந்த ஜாதி தான், ஆனா பேரு மட்டும் ‘மாசம் 42,000’னு வெச்சிருக்காங்க, அதுல தான் நீ ஏமாந்து போற. ஐடி-ல இருக்கற உன் ஃப்ரெண்டு எப்படி செலவு பண்றானோ அதே மாதிரி நீயும் மாசக் கணக்குல செலவு பண்ணா ஒத்து வராது, அவனுக்கு 30-ம் தேதி ஆனா காசு விழும், உனக்கு ஃபைல் நகந்தா தான் விழும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு, பலபேர் கவனிக்கறதில்ல. வேலைல இருக்கறவனுக்கு வருஷா வருஷம் இன்க்ரிமென்ட்னு கொஞ்சமாவது ஏறும். ஃபெலோஷிப் அப்படி இல்ல. 2014-ல ஜேஆர்எஃப் (எஸ்ஆர்எஃப்-க்கு முந்தின நிலை, ஜூனியர் ஃபெலோ) 25,000 ஆச்சு, 2019 ஜனவரில இருந்து 31,000, அப்பறம் 2023 ஜனவரில இருந்து 37,000, எஸ்ஆர்எஃப் 42,000. நடுவுல நாலு வருஷம், நாலு வருஷத்துக்கும் மேல, ஒரு பைசா ஏறாது, மெஸ் பில் மட்டும் ஏறும். 2023 உயர்வையே ஜூன்ல தான் அறிவிச்சாங்க, ஜனவரில இருந்து அமல்னு சொல்லி அரியரா குடுத்தாங்க. ஸ்காலர்ஸ் ஒவ்வொரு தடவையும் ரோட்டுல உக்காந்து தான் இது நடந்திருக்கு. அதனால உயர்வு வரும்னு நம்பி ஒரு ரூபாய்க்குக் கூட பிளான் போடாத, வந்தா வரட்டும். உனக்குக் கடன் குடுத்த லேப்மேட் பிஎம்ஆர்எஃப் (பிரதமர் பேர்ல இருக்கற ரிசர்ச் ஃபெலோஷிப்) வாங்குறான்னு எழுதிருந்த, அவனுக்கு 70,000-ல ஆரம்பிச்சு 80,000 வரைக்கும் போகும், ஒரே லேப், ஒரே ஃபியூம் ஹூட், ஒரே கைடு கிட்ட திட்டு, ஆனா வருமானம் டபுள். அவன் வாழுற மாதிரி நீ வாழ முடியாது. கூடப் படிச்ச ஐடி ஃப்ரெண்டை விட பக்கத்து டேபிள்காரன் தான் நம்மள அதிகமா செலவு பண்ண வைப்பான், நான் பாத்த வரைக்கும்.

சரி, கார்டு. இதைத் தான் இந்த வாரமே பண்ணணும். 86,000-க்கு மாசம் மூணரை சதவீதம்னா வட்டி 3,010, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 542, மொத்தம் 3,552. நீ கட்டுற மினிமம் டியூ அஞ்சு சதவீதம், அதாவது 4,300. அசல்ல கழியுறது 750 ரூபாய் கூட இல்ல. வருஷத்துக்கு 42 சதவீதம் வட்டி, கந்துவட்டிக்காரன் கூட கொஞ்சம் யோசிப்பான். இதை விட மோசமானது என்னன்னா, பழைய பாக்கி நிக்கும்போது புதுசா வாங்குற எதுக்கும் அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது, இன்னிக்கு 200 ரூபாய்க்கு சொல்டர் வயர் வாங்குனா இன்னிலேருந்தே வட்டி ஓடும். நீ மினிமம் கட்டிட்டு ‘நான் கரெக்டா கட்டுறேனே’ன்னு நெனச்சுட்டு இருக்க, உன்ன மாதிரி கஸ்டமரைத் தான் அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்.

அதனால கார்டை எடுத்து ட்ராயர்ல போடு, ஷாப்பிங் ஆப்ல சேவ் பண்ணி வெச்சிருக்கறதையும் அழிச்சுடு, யுபிஐ-ல லிங்க் பண்ணிருந்தா அதையும் எடு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மொத்த பாக்கியையும் இஎம்ஐ-யா மாத்தித் தரச் சொல்லு. பொதுவா பதினஞ்சுல இருந்து இருபது சதவீதத்துக்குள்ள வரும், 42-ஐ விட எவ்வளவோ மேல். ஆனா பிராசஸிங் ஃபீ எவ்வளவு, நடுவுல மொத்தமா அடைச்சா என்ன சார்ஜ்னு ரெண்டு கேள்வியையும் கேட்டுட்டு தான் சரின்னு சொல்லணும், ஏன்னா உனக்கு அரியர் வந்ததும் மொத்தமா அடைக்கப் போறோம். உன் பேர்ல செயினோ மோதிரமோ இருந்துச்சுன்னா நேஷனலைஸ்டு பேங்க்ல நகைக்கடன் இன்னும் மலிவு, பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், அரியர் வந்தா ஒரே தடவைல மீட்டுடலாம். அம்மா கழுத்துல இருக்கறதைக் கேக்காத. ஸ்டைபெண்ட் லேட்டுக்கு அம்மா செயின் போறதை நான் ஒத்துக்க மாட்டேன். பர்சனல் லோன் உனக்குக் கெடைக்கறது கஷ்டம், சம்பள ஸ்லிப் கேப்பாங்க. கெடைக்கலைன்ன உடனே அஞ்சு நிமிஷத்துல லோன்னு வர்ற ஆப் பக்கம் போயிடாத, போன்ல இருக்கற கான்டாக்ட் எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கிட்டு உன் கைடுக்கே போன் அடிக்கிற கூட்டம் இன்னும் இருக்கு.

பிரிண்டரோட நோ-காஸ்ட் இஎம்ஐ பத்தி ஒரு வரி. அதுல வட்டியை டிஸ்கவுன்டா கழிச்சுட்டாலும் அந்த வட்டி மேல ஜிஎஸ்டி உன் தலையில தான், பிராசஸிங் ஃபீயும் தனி. பெரிய தொகை இல்ல, இன்னும் ஆறு மாசம் தானே, ஓடட்டும்.

இப்ப ஃபைல். அஞ்சு மாசம் வரலைன்னா எல்லாமே மேல தான் நிக்குதுன்னு நெனைக்காத, பாதி கேஸ்ல கீழ தான் நிக்கும். கிளெய்ம் ஃபார்ம், கைடு கையெழுத்து, டிபார்ட்மென்ட், ஃபைனான்ஸ் செக்ஷன், யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் (வந்த காசு எதுக்கு செலவாச்சுங்கற சான்று), எங்கயாவது ஒரு இடத்துல ஒரு பேப்பர் இல்லைன்னு ஒதுக்கி வெச்சிருப்பாங்க, உன்கிட்ட யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. ஜேஆர்எஃப்ல இருந்து எஸ்ஆர்எஃப் ஆகும்போது கமிட்டி கூடி ரிப்போர்ட் குடுக்கணும் இல்லியா, அந்த ரிப்போர்ட் நகல் இல்லாம நிக்கற ஃபைல் ஏராளம். ஒரு நாள் லேபுக்கு லீவு போட்டுட்டு ஃபைல் எந்த மேசைல இருக்குன்னு நேர்ல போய்ப் பாரு. போற எடத்துல எல்லாம் எல்லாப் பேப்பருக்கும் ஸ்கேன் காப்பி கையில இருக்கட்டும். அந்த செக்ஷன்ல இருக்கற அக்காவோ அண்ணனோ யாரா இருந்தாலும் பேர் தெரிஞ்சுக்கோ, சண்டை போடாத, வாரம் ஒரு தடவை முகத்தைக் காட்டு. நேர்ல பேசுனதை அன்னிக்கே மெயில்லயும் போட்டு கைடை சிசி-ல வை, அப்ப தான் தேதியோட ஒரு பதிவு இருக்கும்.

அப்படியே அந்த 18,000 கான்ஃபரன்ஸ் காசையும் கிளெய்ம் பண்ணு. உன் லெட்டர்ல போற போக்குல ஒண்ணு எழுதிருந்த, சாம்பிள் ஹோல்டர் எல்லாம் என் பிரிண்டர்ல தான் போட்டுக் குடுக்கறேன், ஃபிலமென்ட் (பிரிண்டருக்குப் போடுற பிளாஸ்டிக் இழை) நானே வாங்கிக்கறேன்னு. ஏம்ப்பா? கன்டிஞ்சென்சி கிராண்ட்னு, ஆராய்ச்சியோட சில்லறைச் செலவுக்கு ஒண்ணு உன் பேர்லயே வருஷா வருஷம் வருதே, அது எதுக்கு இருக்கு? லேபுக்குப் போற பிஎல்ஏ ஃபிலமென்ட் ஸ்பூலை ஜிஎஸ்டி பில்லோட, இன்ஸ்டிட்யூட் பேர் போட்டு, கைடு கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு வாங்கு. ஒரு கிலோ ஸ்பூல் ஆயிரம் ரூபாய்னு வை, வருஷத்துக்கு ஏழெட்டு ஸ்பூல் லேபுக்குப் போனா ஒரு மாச மெஸ் பில் அது. ஸ்காலர்ஸ் கிட்ட இது ஒரு வியாதி மாதிரி இருக்கு, சொந்தக் காசுல பிப்பெட் டிப், குட்டிக் கண்ணாடிக் குப்பி, பென்டிரைவ்னு வாங்கி லேபுக்குக் குடுத்துட்டு, அப்பறம் ஹாபிக்கு 500 ரூபாய் செலவு பண்ணும்போது மட்டும் மனசு குத்தும். தலைகீழா இருக்கு.

அரியர் வர்ற நாள் தான் உனக்கு ஆபத்தான நாள். 5 மாசம், 2,10,000 ஒரே எஸ்எம்எஸ்ல. அன்னிக்கு சாயங்காலம் எந்த வெப்சைட்டையும் தொறக்காத. கார்டுக்கு 86,000, லேப்மேட்டுக்கு 35,000, ரெண்டையும் அன்னிக்கே முடிச்சுடு, மீதி 89,000. அதுக்குள்ள கார்டு பாக்கி கொஞ்சம் கூடியோ குறைஞ்சோ இருக்கும், பரவால்ல. அந்த 89,000-த்தை நீ தினமும் பாக்காத வேற ஒரு பேங்க் அக்கவுன்ட்ல போடு, டெபிட் கார்டு கூட வாங்காத. இனிமே ஃபெலோஷிப் காசும் அந்த அக்கவுன்ட்டுல தான் விழணும், அதை மாத்த ஃபார்ம் குடுக்கறது பெரிய தலைவலின்னா வந்த அன்னிக்கே மொத்தமா நீயே மாத்திடு. அங்கேருந்து மாசம் 1-ம் தேதி உன் செலவு அக்கவுன்ட்டுக்கு 30,000 தானா வர்ற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுடு. அது தான் உன் சம்பளம், 42,000 இல்ல. வீட்டுக்கு 12,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் 7,500, பிரிண்டர் 3,100, போன், பஸ், டீ, சோப்பு எல்லாத்துக்கும் 4,400, ஹாபிக்கு 3,000. கூட்டிப் பாரு, 30,000 வரும். ஃபெலோஷிப் மூணு மாசம் லேட்டானாலும் உன் 1-ம் தேதி லேட்டாகாது, அது தான் இதுல இருக்கற சுகம்.

மிச்சம் 12,000 எதுக்குன்னு கேப்ப. இது தான் உன் லெட்டர்ல நீ கேக்கவே இல்லாத, ஆனா எனக்குப் பயமா இருக்கற விஷயம். ஃபெலோஷிப் அஞ்சு வருஷம். யுஜிசி விதிப்படி பிஎச்டி முடிக்க ஆறு வருஷம் வரைக்கும் டைம், அதுக்கு மேல ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் வேற. அந்த அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல யாரு சோறு போடுவா? அப்ப தான் தீசிஸ் எழுதிட்டு இருப்ப, ஒரு பேப்பர் ரிவ்யூல மாட்டிருக்கும், அப்பறம் சினாப்சிஸ், எக்ஸாமினர் ரிப்போர்ட், வைவா, அதுக்கு மேல போஸ்ட்-டாக் அப்ளிகேஷன், ஃபாரின்னா விசா, டிக்கெட். எத்தனையோ நல்ல பசங்க இந்த இடத்துல தான் ஏதோ ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா சேந்துட்டு தீசிஸை ரெண்டு வருஷம் இழுத்திருக்காங்க. உனக்கு இன்னும் 16 மாசம் ஃபெலோஷிப் பாக்கி. மாசம் 12,000 ஒதுங்குனா 1,92,000, இருக்கற 89,000-த்தையும் சேத்தா 2,81,000. பிரிண்டர் இஎம்ஐ முடிஞ்ச பிறகு அந்த 3,100-ஐயும் இதுலயே விட்டா மூணு லட்சத்தைத் தாண்டும். உன் 30,000 சம்பளத்துக்கு கிட்டத்தட்ட பத்து மாசம். அந்த பத்து மாசம் தான் நீ வாங்குற பொருள்லயே பெரிய பொருள்னு வை. இதை ஷேர்ல போடாத, கிரிப்டோல போடாத, பாதி ஃபிக்ஸட் டெபாசிட், பாதி சேவிங்ஸ், போதும், ஏன்னா இது வளர்றதுக்கான காசு இல்ல, எடுக்கறதுக்கான காசு.

வரி பத்திக் கவலை வேணாம். படிப்புக்கான உதவித்தொகைக்கு விலக்கு உண்டு, அதை விடு, முழுசா வருமானம்னே வெச்சாலும் வருஷத்துக்கு 5,04,000, புது முறைல 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கு.

இப்ப ஹாபிக்கு வர்றேன், எனக்கும் இது தான் புடிச்ச ஏரியா. நான் ஃபவுன்டன் பென் பைத்தியம், திருவள்ளூர்ல கையால கடையுற எபனைட் பேனா ரெண்டு என் டேபிள்ல எப்பவும் இருக்கும், அதனால ‘இதெல்லாம் எதுக்கு தண்டச் செலவு’ன்னு சொல்ற வர்க்கம் நான் இல்ல. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு. பயன்படுத்துறதுல சந்தோஷமா, வாங்குறதுல சந்தோஷமா? உன் ஞாயித்துக்கிழமை டி அண்ட் டி-யை எடுத்துக்கோ, அஞ்சாம் பதிப்போட அடிப்படை விதிகளை 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்லயே விட்டுட்டாங்க, டைஸ் ஒரு தடவை வாங்குனது, நாலு மணி நேரம் ஆறு பேர் சிரிக்கறதுக்கு டீயும் வடையும் தான் செலவு. சினிமாவுக்குப் போனா கூட இதை விட ஆகும். எஸ்டிஆர் டாங்கிளும் அப்படித் தான், வாங்குனது ஒரு தடவை, ஆன்டெனா நீயே கம்பில வளைச்சு செஞ்சது. அமெரிக்காவோட பழைய நோவா வானிலை சாட்டிலைட் மூணையும் 2025-ல நிறுத்திட்டாங்கன்னு ரொம்ப வருத்தமா எழுதிருந்த, ரஷ்யாவோட மெட்டியார் சாட்டிலைட் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல தானே படம் அனுப்புது, அதுக்கு டிகோட் பண்ணக் கத்துக்கோ, செலவு சைபர், ராத்திரி மொட்டைமாடி, கொசுவத்தி. அந்த ஆர்வம் இருக்கறவனுக்கு ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதறது கூட நல்ல விஷயம், பரீட்சைக்கும் லைசென்ஸுக்கும் ஒரு கீகேப் செட்டு அளவுக்கு எல்லாம் ஆகாது.

கீபோர்டு கதை வேற. நாலு போர்டு இருக்கு, தீசிஸ் டைப் அடிக்கறது ஒண்ணுல தான், மீதி மூணும் ‘எண்ட்-கேம்’னு சொல்லி வாங்குனது, எண்டே வராத கேம் அது. ஒண்ணுக்கு ரெண்டா வெச்சுக்கோ, லேபுக்கு ஒண்ணு, ரூமுக்கு ஒண்ணு. மீதி ரெண்டை வித்துடு, ஸ்விட்சுக்கு மசகு போட்டு ட்யூன் பண்ணுன போர்டுக்கு ஹாபி வட்டத்துலயே ஆள் இருக்கும், வர்ற காசை அப்படியே கார்டுல கட்டு. வெச்சிருக்கறது ஹாட்-ஸ்வாப் போர்டுன்னு சொன்ன, அப்ப புது சத்தம் வேணும்னா ஸ்விட்சை மட்டும் ஃப்ரெண்டோட மாத்தி மாத்திப் போட்டுப் பாரு, சொல்டரிங் கூட வேணாம். குரூப் பை மட்டும் நிறுத்து. காசை இன்னிக்கே குடுத்துட்டு பொருளுக்கு வருஷக் கணக்குல காத்திருக்கற முறை அது, அதாவது நீ அந்த விக்கறவனுக்கு வட்டியில்லாக் கடன் குடுக்கற, அந்தக் கடனை நீ 42 சதவீதத்துக்கு கார்டுல வாங்கிக் குடுக்கற. அப்பறம் கஸ்டம்ஸ் டியூட்டி வேற. பொருளே அனுப்பாம கடையை மூடிட்டுப் போனவங்களும் அந்த உலகத்துல உண்டு, உனக்கே தெரியும். கார்டு பாக்கி சைபர் ஆகி, மாசம் 3,000 ஹாபிக் காசுல சேந்து முழுத் தொகையும் கையில இருந்தா மட்டும் அடுத்த குரூப் பை. 3,000-த்தை ஒரு மாசம் செலவு பண்ணலைன்னா அடுத்த மாசத்துக்கு ஏறட்டும், மூணு மாசம் பொறுத்தா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு 9,000-த்தோட போகலாம், அது ஒரு கெத்து.

பிரிண்டரை ஏன் விக்க வேணாம்னா, இஎம்ஐ முடியாத பொருள், இன்னிக்கு வித்தா அடிமாட்டு விலைக்குப் போகும், கடன் மட்டும் நிக்கும். அதோட உன் ரிசர்ச்சுக்கே உதவுது.

வீட்டு விஷயம். அம்மா தெருவுல எல்லார்கிட்டயும் ‘பையன் மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்கிறான், கவர்மென்ட் சம்பளம்’னு சொல்லிட்டு இருக்காங்கன்னு எழுதிருந்த. சொல்லட்டும், பெருமை தானே. ஆனா காசு லேட்டாகும்ங்கறதை அவங்ககிட்ட மறைக்கற வரைக்கும் ஒவ்வொரு மாசமும் நீ கடன் வாங்கி வீட்டுக்கு அனுப்பணும், கார்டு வட்டில அது 12,000 இல்ல, அதுக்கும் மேல. அப்பா கிட்ட மொதல்ல சொல்லு, கடை வெச்சிருக்கறவர், பில் பாஸாகாம காசு நிக்கறது என்னன்னு அவருக்குப் புரியும். 12,000-த்துல எவ்வளவு சாப்பாட்டுக்குப் போகுது, எவ்வளவு அந்த நகைச்சீட்டுக்குப் போகுதுன்னும் கேட்டுக்கோ. சீட்டு உனக்காகத் தான் கட்டுறாங்கன்னா, ‘கடன் முடியற வரைக்கும் புதுச் சீட்டு போடாதீங்கம்மா’ன்னு சொல்றதுல தப்பே இல்ல.

கடைசியா சைடு இன்கம். கீபோர்டு கட்டிக் குடுக்கறேன், பிரிண்ட் போட்டு விக்கறேன், டியூஷன் எடுக்கறேன்னு மூணு ஐடியா எழுதிருந்த. நீ பயன்படுத்துன போர்டை விக்கறதுல ஒரு சிக்கலும் இல்ல. ஆனா மாசா மாசம் வருமானம் வர்ற மாதிரி எதையும் ஆரம்பிக்காத, ஃபெலோஷிப் வாங்கும்போது வேற எங்கேருந்தும் சம்பளமோ உதவித்தொகையோ வாங்கக் கூடாதுன்னு பெரும்பாலும் அவார்டு லெட்டர்லயே ஒரு ஷரத்து இருக்கும், மாசம் 5,000-த்துக்கு ஆசைப்பட்டு 42,000-த்தை ரிஸ்க்ல விடக் கூடாது. அந்த லெட்டரோட கண்டிஷன்ஸ் பக்கத்தை மட்டும், உன் பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பு. படிச்சுட்டு எது பண்ணலாம், எதுக்கு கைடு கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கணும்னு தனியா எழுதுறேன். அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல கார்டு கஸ்டமர் கேர், மத்தியானம் ஃபைனான்ஸ் செக்ஷன்.